அண்ணி திறந்த இடது குழல்

என் அண்ணிக்குச் சிரிப்பு வந்தால் அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினோரு நிமிடம். நடுவில் இரண்டு நிமிடம் அடங்கியதுபோல் இருந்து, நான் நேரம் பார்ப்பதைப் பார்த்ததும் மறுபடி தொடங்கியது. ஆகவே சரியான அளவு ஒன்பதா, பதினொன்றா என்பது இன்னும் தீராத சந்தேகம்.

அண்ணி வேலை பார்த்தது துப்பாக்கித் தொழிற்சாலையில். இரட்டைக்குழல் துப்பாக்கி செய்கிற இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் மூன்று பேர் அங்கே இருந்தோம். அண்ணன் சோதனைக் களத்தில் சுடுகிறவர். அவர் சுட்ட இரும்புத் தட்டில் விழுந்த புள்ளிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது நான். அண்ணி மெருகுப் பிரிவில் குழல்களை எமரித் தாளால் தேய்த்துப் பளபளக்க வைப்பவர். "ஒருத்தி தேய்க்க, ஒருத்தன் சுட, ஒருத்தன் எண்ண, மொத்தக் குடும்பமும் குழலுக்குள்ளதான் குடியிருக்கு" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். "வாடகை கம்மி, காத்தோட்டம் ஜாஸ்தி" என்பார் அண்ணி.

தொழிற்சாலைக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாகப் புதுத் துப்பாக்கிகள் போகும். பின்வாசல் வழியாக, அறுபது, எழுபது, எண்பது ஆண்டுக்கு முன்னால் எங்களிடம் பிறந்த துப்பாக்கிகள் மாற்று வேலைக்குத் திரும்பி வரும். பெரும்பாலும் ஒரே குறைதான். குழலின் வாய்க்கு அருகே உள்விட்டத்தைச் சற்றே ஒடுக்கி வைத்திருப்பார்கள். இதற்குச் 'சோக்' என்று பெயர். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சிதறாமல் தொலைவுக்குப் பாயும் அல்லவா, அதே வேலைதான். தோட்டாவுக்குள் இருக்கும் கடுகளவு ஈயக் குண்டுகள் சிதறாமல் கூட்டமாகப் போகும். பழைய தோட்டாக்களுக்கு அந்த இறுக்கம் பொருத்தமாக இருந்தது. புதிய தோட்டாக்களிலோ குண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வந்துவிட்டது. இறுக்கத்துக்கு மேல் இறுக்கம். அருகில் இருக்கிற இலக்கில் குண்டுகள் ஒரே முஷ்டியாகப் போய் விழும். கொஞ்சம் தவறினால் எல்லாமே தவறும். ஆகவே, "ஒரு குழலை மட்டும் கொஞ்சம் திறந்து கொடுங்கள்" என்று சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள்.

திறப்பது என்றால், ரீமர் என்னும் துருவியைக் குழல்வாயில் விட்டுக் கையால் சுழற்றி, அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் ஐந்து பங்கு, பத்துப் பங்கு என்று எடுப்பது. பிறகு நாற்பது கஜத்தில் வெள்ளையடித்த இரும்புத் தட்டைச் சுட வேண்டும். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் முப்பது அங்குல வட்டம் போட்டு, வட்டத்துக்குள் விழுந்தவற்றை நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். எந்தத் துப்பாக்கி, எந்தக் குழல், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, யார் கை என்பதெல்லாம் என் பதிவேட்டில் ஏறும். பிற்காலத்தில் ஒருவர் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து, "இது தொழிற்சாலை செய்த மாற்றமா, எவனோ கொட்டகையில் அரம் வைத்து ராவியதா?" என்று கேட்டால் பதில் அங்கே இருக்க வேண்டும்.

சோக் வேலைக்குத் தொழிற்சாலை முழுவதும் ஒரே பெஞ்சுதான். பெரிய ஜன்னலுக்கு எதிரே இருக்கும். அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுத் தன் மகளோடு வசிக்கப் போய்விட்டார். அவருக்குத் 'தலைகீழ்' என்று பட்டப்பெயர். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அவர் போன மறுநாளே அண்ணி போர்மேன் முன்னால் போய் நின்றார்.

போர்மேனுக்கு 'இஞ்சி' என்று பெயர். இஞ்சி தின்ற குரங்கு போன்ற முகம். அதை அவரே அறிவார்.

"சார், ஜன்னல் பெஞ்சை எனக்குக் குடுங்க."

"ஏம்மா, அது கை வேலை இல்ல, மூச்சு வேலை. பெருமூச்சு விட்டா ஆயிரத்துல ஒண்ணு போயிடும். நீ சிரிச்சா ஆயிரத்துல பத்து போயிடும்."

"சிரிப்பு வந்தா கையை எடுத்துடுவேன் சார்."

"அப்ப நாள் முழுக்க கை வெளியிலதான் இருக்கும்."

அண்ணி உடனே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்: "பாருங்க, எடுத்துட்டேன்."

இஞ்சி சிரிக்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டார். ஒரு வாரம், ஐந்து துப்பாக்கி. ஐந்தும் அதனதன் வேலை அட்டையில் எழுதியபடி வந்தால் பெஞ்சு அண்ணிக்கு. ஒரு குழல் கெட்டாலும் மெருகுப் பிரிவுக்கே திரும்ப வேண்டும், மறுபடி கேட்கக் கூடாது. "எடுத்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது, ஞாபகம் வச்சுக்கோ."

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "எதுக்கு அண்ணி இந்த வம்பு? மெருகுல நிம்மதியாதானே இருக்கீங்க?"

"ஒன்பது வருஷமா குழலோட வெளிப்பக்கத்தையே தடவிட்டு இருக்கேன் தம்பி. ஒரு தடவை தலைகீழ் சார் ஜன்னலைப் பார்த்துப் பிடிச்சு உள்ளே காட்டினார். வளையம் வளையமா வெளிச்சம். குளத்துல கல்லு போட்ட மாதிரி. அதைப் பார்த்துட்டு மறுபடி வெளியே உட்கார்ந்து தேய்ச்சா, கல்யாண வீட்டு வாசல்லயே நின்னு திரும்பி வந்த மாதிரி இருக்கு."

இதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குப் புரிந்தது.

திங்கள் முதல் வெள்ளிக்குள் நான்கு துப்பாக்கிகள் முடிந்தன. நான்கும் கேட்ட அளவிலிருந்து நூற்றுக்கு இரண்டுக்கு மேல் விலகவில்லை. அண்ணன் தோட்டா வெடிக்கும் சத்தத்தில் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தவர், காது மந்தம். ஆகவே அவருக்கு மெதுவாகப் பேச வராது. "என் பொண்டாட்டி கை, கையில்ல, தராசு!" என்று அவர் என் காதில் ரகசியமாகச் சொன்னது, மூன்றாவது கொட்டகையில் பலகை இழைத்தவர்களுக்கும் கேட்டது.

ஐந்தாவது, எண்பத்தோரு வயதான துப்பாக்கி. ஒரு கால்நடை டாக்டரம்மாவுக்கு அவருடைய தாத்தாவிடமிருந்து வந்தது. பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் அவருக்கு ஆர்வம். எழும்பும் முதல் தட்டு அருகில் இருக்கும், அதற்கு வலது குழல். தப்பித்துத் தூரம் போகும் தட்டுக்கு இடது குழல். அருகிலிருப்பதுதான் அவருக்கு விழவில்லை. அட்டையில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'வலது குழல், ஐம்பதுக்குத் திறக்க. இடது குழல், தொட வேண்டாம்.' சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இப்போது தலைகீழ் என்ற பெயரின் காரணம். துப்பாக்கியின் வலதும் இடதும் அதைத் தோளில் வைத்துச் சுடுகிறவரின் வலதும் இடதும்தான். ஆனால் சோக் வேலை செய்கிறவர் குழல்வாய்க்கு எதிரே உட்கார்கிறார். எதிரே நிற்கும் மனிதரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிவது போல, குழல்கள் அவருக்கு மாறித் தெரியும். இந்தத் தொல்லையைத் தவிர்க்க, பழையவர் குழல்களை எப்போதும் கவிழ்த்து வைத்து இறுக்குவார். கவிழ்த்துவிட்டால் மாறியது மறுபடி மாறி, வலது குழல் அவருடைய வலக்கைப் பக்கமே வந்துவிடும். யோசிக்கவே வேண்டாம். அண்ணியும் அதையே பழகியிருந்தார். நான்கு துப்பாக்கிகளும் கவிழ்ந்த நிலையில்தான் நடந்தன.

ஐந்தாவதில் இரண்டு குழல்களுக்கு நடுவே மேலே ஓடும் நீளப் பட்டை முந்தின நாள்தான் புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. பற்றவைப்பவர் ஒரு சீட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்: 'பட்டை மேல் பாரம் ஏற்றாதே.' கவிழ்த்தால் பாரமெல்லாம் பட்டை மேல்தான். ஆகவே அண்ணி, சொன்ன பேச்சைக் கேட்டு, பட்டை மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து இறுக்கினார். கை மட்டும் வழக்கம்போல வலப்பக்கம் போயிற்று.

சனிக்கிழமை பதினொன்றே கால் மணிக்குக் களத்தில் கூடினோம். அண்ணன் வலது குழலைச் சுட்டார். நான் எண்ணினேன். தோட்டாவில் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து குண்டுகள். வட்டத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு. நூற்றுக்கு எழுபத்திரண்டரை.

"எழுபத்திரண்டரையா?" என்றார் அண்ணி. "தம்பி, காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப மறுபடி எண்ணுங்க."

எண்ணினேன். அதேதான். தட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு அண்ணன் மறுபடி சுட்டார். இருநூற்றுப் பதினொன்று.

"ஒண்ணுமே திறக்கலியேம்மா!" என்று அண்ணன் முழங்கினார். "காலையில இருந்து உள்ள என்ன பண்ணிட்டிருந்தே, பேச்சுவார்த்தையா?"

அண்ணி குழலை வாங்கிக் கைவிரலை அதன் வாயில் விட்டுத் தடவினார். அப்புறம் பக்கத்துக் குழலில் விட்டுத் தடவினார். அவருடைய கண்கள் அகன்றன.

"ஏங்க, இடதைச் சுடுங்க" என்றார், மிகச் சின்னக் குரலில். அண்ணனுக்குக் கேட்கவில்லை. நான் கையால் காட்டினேன்.

இடது குழல்: நூற்று நாற்பத்தொன்பது. நூற்றுக்கு ஐம்பதரை. அட்டை கேட்ட அளவு அச்சு அசலாக வந்திருந்தது. குழல்தான் வேறு.

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அண்ணன் பதறிப்போய் அருகே வந்தார். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். "ஐம்பதரை! ஐம்பதரை! இதுவரைக்கும் இவ்வளவு அழகா எதுவுமே வந்ததில்ல!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. அதில் பாதி வேறு நீர் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் சிரிக்கும்போது எதிரே நிற்கிறவன் சும்மா இருக்க முடியாது. அண்ணனும் சிரித்தார், நானும் சிரித்தேன், சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது.

முதலில் தெளிந்தவர் அண்ணன். "டேய், ஏட்டுல வலதை இடதுன்னு மாத்தி எழுதிடு. எவன் வந்து பார்க்கப் போறான்?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். "தம்பி பேனாவைக் கெடுக்காதீங்க. எழுத்து மாறினா குழல் மாறுமா? தட்டு தூரமா பறக்கும்போது டாக்டரம்மா பதிவேட்டையா எடுத்துச் சுடுவாங்க?"

புடவையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு நேராக இஞ்சியிடம் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"சார், தப்பான குழலைத் திறந்துட்டேன். ரொம்ப நல்லாத் திறந்திருக்கேன்" என்றார்.

இஞ்சி அட்டையைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், பற்றவைப்பவரின் சீட்டைப் பார்த்தார். அது அண்ணிக்குச் சாதகமான சாட்சி. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். "நான் என்ன சொன்னேன்?"

"எடுத்த இரும்பை ஒட்ட வைக்க முடியாதுன்னு சொன்னீங்க. ஒட்ட வேண்டாம் சார். இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்."

"என்னது?"

"வயிறு வச்சிடலாம்."

வயிறு வைப்பது என்பது எங்கள் பிரிவின் பேச்சு. வாய் அகலமாகிவிட்டால் அதை ஒடுக்க வழியில்லை. ஆனால் வாய்க்கு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, குழலைச் சுற்றிலும் கொஞ்சம் குடைந்து அகலமாக்கினால், அதோடு ஒப்பிட வாய் ஒடுங்கியதாக ஆகிவிடும். குண்டுகளுக்குத் தேவை ஒடுக்கம்தான். அது எப்படி வந்தது என்று அவை கேட்பதில்லை.

"இடுப்பைச் சின்னதாக்க முடியலைன்னா வயித்தைப் பெருசாக்கணும்" என்று அண்ணி விளக்கினார். "இவரு முப்பது வயசுல பண்ணினது இதுதான்."

"என்ன சொல்றா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"உங்களைப் புகழ்றாங்க" என்றேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். தலைகீழ் அவர் காலத்தில் மூன்று முறை வயிறு வைத்திருந்தார். மூன்றும் புதுக் குழல், கனமான சுவர். இது எண்பத்தோரு வயதுச் சுவர். குடைந்த பிறகு சுவரின் கனம் ஆயிரத்தில் இருபத்துநான்குக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறைந்தால் குழலை உடைத்துப்போட வேண்டியதுதான். அளந்தார்கள். முப்பத்தேழு. குடைய வேண்டியது பன்னிரண்டு. மிஞ்சுவது இருபத்தைந்து. விதிக்கும் ஆபத்துக்கும் நடுவே ஆயிரத்தில் ஒரே ஒரு பங்கு.

"இடது பக்கம் கனமா இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றார் அண்ணி. "போன மாசம் இதை மெருகு போட்டதே நான்தான்."

இஞ்சி நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். "சொந்தக்காரங்க சம்மதிக்கணும். சம்மதிச்சா செய். இடதுல எழுபது வந்தா பெஞ்சு உனக்கு. அறுபத்தொன்பதுன்னா மெருகுக்குப் போயிடு."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே வண்டிச் சத்தம். நான்கு மணிக்கு வர வேண்டிய டாக்டரம்மா பன்னிரண்டு மணிக்கே வந்து நின்றார். உயரமான பெண்மணி, ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு கன்றுக்குட்டி நக்கிய ஈரம். "பக்கத்துல ஒரு பிரசவம் பார்க்க வந்தேன். சீக்கிரம் முடிஞ்சிருச்சு. நம்ம ஆள் எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

அண்ணன் சட்டென்று என் பக்கம் குனிந்து, தன் அறிவில் மிக மெல்லிய ரகசியமாகச் சொன்னார்: "டேய், தப்பான குழலைத் திறந்தது டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்!"

கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த லேத் ஒன்று நின்றது. அதை ஓட்டியவர் எட்டிப் பார்த்தார். ஜன்னலில் இருந்த புறா பறந்தது.

"எது எனக்குத் தெரிய வேண்டாம்?" என்றார் டாக்டரம்மா.

அண்ணி முன்னால் வந்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்திருந்தார். முதலிலிருந்து கடைசிவரை, நிமிர்த்தி வைத்தது, கை வலப்பக்கம் போனது, ஐம்பதரை வந்தது, சுவர்க் கனம், ஆயிரத்தில் ஒரு பங்கு, எதையும் விடாமல் சொன்னார். "வயிறு வச்சா சரியாகும்னு நினைக்கிறேன். சரியாகாமலும் போகலாம், குழலே போகலாம். வேண்டாம்னா இப்படியே குடுத்துடுறோம். துப்பாக்கி உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம் ஒருத்தர் ரெண்டு கழுதை கொண்டுவந்தாரு. ரெண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே முகம். ஒண்ணுக்கு வயித்து வலி. இவ்வளவு பெரிய ஊசி எடுத்து, நல்லாக் குத்திப் போட்டேன். போட்டதும் அது என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க! அப்புறம் பார்த்தா, வயித்து வலிக் கழுதை அந்தப் பக்கம் நின்னு எனக்குப் பாவம் பார்க்குது."

அண்ணி அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. டாக்டரம்மாவும் முட்டியைத் தட்டிச் சிரித்தார். "அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு ஊசி எடுத்தேன். சரியான கழுதைக்குப் போட்டேன். போம்மா, போய் வயிறு வை. எங்க தாத்தா இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பாரு. அவருக்கும் பெரிய வயிறு."

முதலில் வலது குழலை, இம்முறை அட்டையில் அம்புக்குறி போட்டு, ஆளுக்கொரு தடவை விரல் வைத்துக் காட்டிய பிறகு, திறந்தார். நூற்று ஐம்பத்து மூன்று புள்ளிகள், ஏறக்குறைய ஐம்பத்திரண்டு. அதில் சிக்கலில்லை. பிறகு இடது குழல். ஒரு மணி பதினேழு நிமிடத்துக்குத் தொடங்கினார். அதன்பின் அண்ணி சிரிக்கவில்லை, பேசவில்லை. அண்ணனைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டச் சொல்லி டாக்டரம்மாவோடு அனுப்பிவைத்தோம். முன்வாசலில் அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குக் கேட்டது. அண்ணி அரைச் சுற்று சுற்றுவார், துருவியை எடுப்பார், துடைப்பார், ஜன்னலைப் பார்த்து ஒரு கண்ணை மூடுவார். இஞ்சி நாலு சுற்றுக்கு ஒருமுறை அளந்தார். முப்பத்திரண்டு. இருபத்தொன்பது. இருபத்தேழு. இருபத்தைந்து. "நிறுத்து" என்றார். அண்ணி ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

களத்துக்குப் போனோம். முதல் வெடி: நூற்று எண்பத்து மூன்று. நூற்றுக்கு அறுபத்திரண்டு.

அண்ணி குழலை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வயிறு முடிந்து வாய் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு படி இருப்பதாகச் சொன்னார். எமரி சுற்றிய ஈயக் கட்டையால் அதை மழுக்கினார். இரண்டாவது வெடி: நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அறுபத்தேழரை. மறுபடி மழுக்கல். மூன்றாவது: இருநூற்று ஆறு.

நான் பெருக்கி வகுத்தேன். மறுபடி வகுத்தேன். எல்லாரும் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அறுபத்தொன்பதே முக்கால், சொச்சம்" என்றேன்.

"எழுபதுன்னு சொல்லேன்டா!" என்றார் அண்ணன். "ஒரு புள்ளி! ஒரே ஒரு புள்ளி! சேர்த்து எழுதினா குடியா முழுகிடும்?"

"எனக்கு இதுவே தாராளம்மா" என்றார் டாக்டரம்மா. "என் கைக்கு இதுவே அதிகம்."

இஞ்சி சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அண்ணி என் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "இருநூத்தி ஆறு. அப்ப இன்னும் எழுபது வரல. குழலைக் குடுங்க."

"இனி கனத்துல தொட முடியாதும்மா" என்றார் இஞ்சி.

"கனத்துல தொடல சார். நீளத்துல தொடறேன். ஏறுற மேடு செங்குத்தா இருக்கு. கொஞ்சம் சாய்வா ஆக்கினா குண்டுங்க முட்டிக்காம நடந்து போகும்."

கட்டையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் கேட்பவர் போல, மெல்ல இழுத்தார். இருபது இழுப்பு. நான் எண்ணினேன். இருபத்தோராவதற்குக் கை போய், நின்று, திரும்பி வந்தது. துடைத்துக் கொடுத்தார்.

அண்ணன் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இறக்கினார், மூச்சு விட்டார், மறுபடி வைத்தார், சுட்டார்.

நான் தட்டை நோக்கி நடப்பதற்குள் இஞ்சி என்னைத் தாண்டிப் போய்விட்டார். வட்டத்தை அவரே போட்டார். புள்ளிகளை அவரே எண்ணினார். அவர் எண்ணுவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"இருநூத்திப் பதினாறு."

நான் எண்ணினேன். "பதினேழு சார்."

"பதினாறுய்யா."

"கீழ்ப்பக்கம், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துல ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டீங்க."

குனிந்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "ஆமா. பதினேழு."

நூற்றுக்கு எழுபத்து மூன்றரை. அண்ணி கை வைப்பதற்கு முன் அந்தக் குழலில் இருந்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும். அண்ணன் "ஓ!" என்று ஒரு கூச்சல் போட்டார், துப்பாக்கியே பரவாயில்லை என்றிருந்தது. டாக்டரம்மா அண்ணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். கன்று, மாடு தூக்கிப் பழகிய கை. லேத்காரர், பற்றவைப்பவர், மெருகுப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் களத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். பற்றவைப்பவர், "என் சீட்டாலதானே இவ்வளவும்" என்று வருத்தமும் பெருமையுமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த ஜன்னல் பெஞ்சில் அண்ணி இருபத்திரண்டு ஆண்டு இருந்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு குழல்கள். வேறு தவறு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இப்போது எழுபத்தேழு வயது. ஊசியில் நூல் கோக்க என் கண்ணை நம்புவதில்லை, தானே கோக்கிறார். ஆனால் அந்தச் சனிக்கிழமை மூன்றே முக்கால் மணிக்குப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்பது இன்னும் பாக்கி இருந்தது.

'இடது குழல், பிரிவின் தவறால் திறக்கப்பட்டு, வயிறு வைத்துச் சரி செய்யப்பட்டது' என்று எழுதத் தொடங்கினேன்.

"பிரிவு என்ன பண்ணுச்சு பாவம்?" என்றார் அண்ணி. "என் தவறுன்னு எழுதுங்க. அப்புறம் சரி பண்ணினதும் நான்தான்னு எழுதுங்க. ரெண்டையும் ஒரே வரியில போடுங்க, இடம் மிச்சம்."

அப்படியே எழுதினேன். அடுத்த பத்தி: 'செய்தவர் முத்திரை.' மாற்று வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அச்சு உண்டு. தான் மாற்றிய குழலின் அடியில் குத்த வேண்டும். வாரம் முழுக்கச் சோதனையில் இருந்ததால் அண்ணிக்கு அது கிடையாது. இஞ்சி தன் மேசை இழுப்பறையிலிருந்து அச்சுப்பெட்டியைக் கொண்டுவந்தார். நட்சத்திரம், முக்கோணம், எழுத்துகள் எல்லாம் யார் யாருக்கோ போய்விட்டிருந்தன. மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: அரைவட்டக் கோடு.

அண்ணி, பட்டை மேல் பாரம் விழாமல் இருபுறமும் துணி முட்டுக் கொடுத்து, குழல்களைக் கவிழ்த்து வைத்து, அச்சை நிறுத்தி, சுத்தியலால் ஒரே தட்டு. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"சிரிக்குது!" என்றார் டாக்டரம்மா.

எதிர்ப்பக்கம் நின்ற அண்ணன், "எங்க சிரிக்குது? முறைக்குது" என்றார். சுற்றி வந்து பார்த்தார். "ஆமா, இங்கிருந்து சிரிக்குது." மறுபடி அந்தப் பக்கம் போனார். "இங்கிருந்து முறைக்குது. அட, இவ முகமேதான்!"

மெருகுப் பிரிவே வரிசை கட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தது. எனக்குத்தான் சங்கடம். பதிவேட்டில் அதை எந்தப் பக்கமாக வரைவது? அதற்கு விதி எதுவும் இல்லை. வலதும் இடதும் சுடுகிறவர் பக்கமிருந்துதானே, மேலும் கீழும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்து, பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, மையால் வரைந்தேன். சிரிப்பதாகத்தான் வந்தது.

இஞ்சி கீழே கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பார்த்தார்.